மாற்றுருவும் மாற்றாரும்

மேடையேறும் நம் அன்பர்கள் சிலரிடம் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மேனாட்டார் எதைப் புதிதாகச் செய்து காட்டினும், "இஃது எம்மிடம் என்றோ இருந்தது" என்று முழங்குவது அது. வானூர்தியைக் கண்டால் புட்பக விமானம் என்பர். தொலைக்காட்சியைக் கண்டால் சஞ்சயன் என்பர். உருமாறும் பகைவர் வீரர்களின் இடத்தில் அமர்ந்து உலகை ஏய்க்கும் ஓர் அமெரிக்கப் படக்கதை 2023ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராக வந்தபின், மாரீசன் மீண்டும் மேடைக்கு இழுத்துவரப்பட்டான். மாரீசன், இந்திரன், சூரபன்மன் எனப் பெயர்களை அடுக்கிக் கைதட்டல் பெற்று இறங்கிவிடுவது எளிது. அவ்வாறு இறங்கியவர்களுள் எத்தனை பேர் அப்படலங்களைப் புரட்டிப் பார்த்தனர் என்பதே என் வினா.

படக்கதையே கூடாது, அது மாணவரைக் கெடுக்கும் என்போரும் உளர். அவர்களோடு நெடிது வாதிட வேண்டுவதில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, ஆங்கிலேயரின் உருக்குக்கை வீரன் "இரும்புக்கை மாயாவி" என்னும் தமிழ்ப் பெயரோடு வந்தான். அவனைப் படித்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியவர் ஒரு தலைமுறையினர். அவருள் சிலர் இன்று தமிழாசிரியர். ஆதலால் அவ்வழக்கை இங்கேயே தள்ளிவிடலாம். முதற் கூட்டத்தாரோடுதான் எனக்குப் பூசல்.

கதையை முதலில் அறிவோம். ஸ்க்ரல் என்னும் வேற்றுலக இனத்தார் எவ்வுருவும் எடுக்க வல்லவர். ஸ்டான் லீயும் ஜேக் கெர்பியும் அவர்களைப் படைத்தனர். 1962 சனவரி எனத் தேதியிட்டு வந்த 'பென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில் அவர்கள் தோன்றினர். நான்கு வீரர்களின் உருவில் வந்து தீங்கிழைத்து, பழியை அவ்வீரர்மீது சுமத்துவது அவர்கள் சூழ்ச்சி. முடிவு வேடிக்கையானது. படக்கதை இதழ்களிலிருந்து வெட்டியெடுத்த பூதப் படங்களைக் காட்டி, "புவியில் இத்தகைய கொடிய உயிர்கள் உள்ளன" என்று ஸ்க்ரல் படைத்தலைவனை அஞ்சி ஓடச் செய்கிறார்கள். எஞ்சிப் பிடிபட்டவர்களைப் பசுக்களாக மாறச் சொல்லி, மனவசியத்தால் தம்மைப் பசுக்கள் என்றே நம்ப வைத்து மேயவிடுகிறார்கள். (1995இல் வந்த இன்னொரு கதையில் அப்பசுக்கள் இறைச்சிக் கூடத்திற்குச் சென்றன, உண்டவர்க்குக் கேடு வந்தது. கற்பனைக்கும் செரிமானம் வேண்டும் போலும்!)

அந்த ஆண்டை நினைவிற் கொள்க. அண்டை வீட்டான் பொதுவுடைமைக்காரனோ என்று அமெரிக்கர் அஞ்சியிருந்த காலம் அது. மனிதரைப் போன்ற உடல்கள் விதைக்கூட்டில் வளர்ந்து மனிதரின் இடத்தைப் பிடிக்கும் திரைப்படம் 1956இலேயே வந்துவிட்டது. அவ்வச்சம் நம் மண்ணுக்கும் புதிதன்று. மலாயாவில் அவசரகாலம் 1948இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே மக்களைப் பதிவு செய்து அடையாள அட்டை வழங்கத் தொடங்கினர். காட்டிலிருப்பவன் யார், ஊரிலிருப்பவன் யார் எனப் பிரித்தறிய அரசு கண்ட வழி அது. தோட்டத்து வரிசை வீட்டிலிருந்த நம் பாட்டனார் தம் முகத்தைத் தாமே மெய்ப்பிக்க இயலாதவராகி, ஒரு துண்டு அட்டையைக் காட்டி மெய்ப்பித்தார். உருமாறும் பகைவனைப் பற்றிய கதையை நாம் வாசிக்கும்போது இதனை மறந்துவிட்டு வாசிப்பது எங்ஙனம்?

இனி 2008ஆம் ஆண்டுக்கு வருவோம். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, லெய்னில் பிரான்சிஸ் யு வரைய, எட்டு இதழ்களாக 'சீக்ரெட் இன்வேஷன்' வெளிவந்தது. இறந்து கிடந்த ஒரு வீராங்கனையின் உடல் ஸ்க்ரலின் உடலாக மாறிப்போனதை முந்திய ஆண்டிலேயே வேறோர் இதழில் காட்டி வாசகரை ஐயத்தில் ஆழ்த்தியிருந்தனர். நீ யாரை நம்புகிறாய் என்பதே விளம்பரத்தின் வினா. ஸ்பைடர் வுமன் என நாம் எண்ணியிருந்தவள் ஸ்க்ரல்களின் அரசியான வெராங்கே. ஆய்வறிஞரான ஹேங்க் பிம் உண்மையான பிம் அல்லர். வீரர் ஒருவரையொருவர் நம்ப மாட்டாது தமக்குள் மோதுகின்றனர். இறுதிப் போரில், முன்னாள் கொடியவனான நார்மன் ஆஸ்பர்ன் அரசியைச் சுட்டு வீழ்த்த, நாடே அவனைக் கொண்டாடி அதிகாரத்தைக் கையில் கொடுக்கிறது. இம்முடிவு கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சம் கொண்ட மக்கள் எத்தகையவனைத் தலைவனாக்குவர் என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார்.

ஆயினும் என் குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆள்மாறாட்டக் கதை பதிப்பகத்தார்க்கு ஒரு வசதியைத் தருகிறது. ஒரு வீரன் முன்பு செய்த தகாத செயல் எதுவாயினும், "அதைச் செய்தவன் அவன் அல்லன், அவன் உருவில் இருந்த வேறொருவன்" என்று சொல்லித் துடைத்துவிடலாம். உண்மை வீரன் பகைவரின் கலத்திலிருந்து கறையின்றி இறங்கி வருவான். குற்றம் முழுவதும் வேற்றினத்தான் தலையில். நம் ஊர்ச் சங்கங்களில் கணக்கு இடிக்கும்போதெல்லாம் "அப்போதைய செயலவை வேறு" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அந்த உபாயத்திற்கு வண்ணப் படம் வரைந்தால் இக்கதையாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இக்கதையில் ஸ்க்ரல்கள் நிலம் இழந்தவர்கள். அவர்கள் தலைமை உலகம் அழிந்தது, பேரரசு சிதைந்தது. புவி தமக்கென வாக்களிக்கப்பட்ட நிலம் என்னும் சமய வெறியோடு வருகிறார்கள். வீடிழந்த ஓர் இனத்தையே ஊடுருவும் பகையாக்கிவிட்டு, அவ்வினத்துள் நல்லோர் இருக்கக்கூடுமா என்னும் வினாவைக் கதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை எனலாம். ஒரேயோர் இடத்தில் கதவு சற்றுத் திறக்கிறது. மறைந்த வீரன் மார்-வெல்லின் உருவமும் நினைவும் ஏற்றப்பட்ட ஒரு ஸ்க்ரல், தன்னை மார்-வெல் என்றே நம்பிவிடுகிறான். தான் யார் என்று அறிந்த பின்னும் தன் இனத்தாரை எதிர்த்து, தான் வேடமிட்ட வீரனின் கடமையைச் செய்து, புண்பட்டு வீழ்கிறான். புவியைக் காக்கும் பொறுப்பை வேறொருவனிடம் ஒப்படைத்து இறக்கிறான். போலியே மெய்யாகிவிட்ட இடம் இது. ஒரு பெரிய கவிஞன் கையில் இது காவியமாகியிருக்கும். எட்டு இதழ்ப் பேரிரைச்சலில் அது துணைக்கதையாய்க் கரைந்துபோயிற்று.

2019இல் வந்த 'கேப்டன் மார்வெல்' திரைப்படம் ஸ்க்ரல்களை ஏதிலியராகவே காட்டித் திருத்தம் செய்ய முயன்றது. 2023இன் தொடரோ, வீடு தருவதாகக் கூறிய வாக்கு நிறைவேறாமையால் இளையோர் கிளர்ந்தெழுவதாகத் தொடங்கி, ஆறு பகுதிகளில் வழக்கமான வெடியோசையில் முடிந்தது. அத்தொடரின் தலைப்புக் காட்சியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கினார்கள் என்பதும், ஓவியர் பலர் அதனைக் கண்டித்தனர் என்பதும் தனிக்கதை. ஆள்மாறாட்டத்தைப் பற்றிய தொடரின் முகப்பிலேயே ஓவியனின் இடத்தில் எந்திரம் அமர்ந்திருந்தது.

இப்பொழுது நம் அன்பர்களிடம் திரும்புவோம். "எம்மிடம் இருந்தது" என்கிறீர்கள். ஆம், இருந்தது. என்ன இருந்தது என்று பார்ப்போமா? அகலிகையின் கதையில் வேடமிட்டவன் தேவர் கோமான். அவனும் சாபம் பெற்றான் என்பது மெய்யே. எனினும் கல்லாய்க் கிடந்தவள் பெண். சூர்ப்பணகை அழகுருக் கொண்டு வந்தாள், மூக்கறுபட்டுத் திரும்பினாள். இவையும் நம் கருவூலத்தில் உள்ளவைதாம். பெருமைப் பட்டியலில் சேர்க்கும் முன் இவற்றைப் பற்றி நாலு சொல் பேச நமக்கு நெஞ்சுரம் வேண்டும். இருந்தது என்று சொல்வதால் ஒரு பண்பாடு உயர்ந்துவிடாது. இருந்ததைக் கொண்டு அது எதை எண்ணிப் பார்த்தது என்பதே கேள்வி.

கம்பரின் யுத்த காண்டத்தைத் திறந்து வீடணன் அடைக்கலப் படலத்தை வாசியுங்கள். பகைவனின் உடன்பிறந்தான் கடற்கரையில் வந்து நிற்கிறான். அவன் அரக்கன், நினைத்த உருவெடுக்கும் மாயம் வல்ல குலத்தான். பாசறையில் ஆராய்ச்சி நடக்கிறது. சுக்கிரீவன் வேண்டாம் என்கிறான். சாம்பவான் வேண்டாம் என்கிறான். படைத்தலைவரும் அவ்வாறே. அவர்கள் பேச்சை மூடர் பேச்சாகக் கம்பர் ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில் நிற்பவர் ஐயுறுவது அறிவுடைமையே. அனுமன் மட்டும் மறுக்கிறான். அவன் வாதம் எதன்மேல் நிற்கிறது? குலத்தின்மேல் இல்லை. இலங்கையில் தான் கண்டவற்றைச் சொல்கிறான். தூதனைக் கொல்லல் ஆகாது என்று இராவணன் அவையில் தடுத்தவன் இவன். இவன் மனையில் நான் கண்டது வேறொழுக்கம் என்கிறான். அஃதாவது சான்று கேட்கிறான், சான்று தருகிறான். அதற்கும் மேலே போய் இராமன், அடைக்கலம் என்று வந்தவனால் கேடே விளையினும் அவனைக் கைவிடுதல் கூடாது என்று, வேடனுக்காகத் தன்னையே தந்த புறாவின் கதையை எடுத்துரைக்கிறான். 2008இன் விளம்பரம் கேட்ட வினாவுக்கு இங்கே ஓர் அவையே கூடி விடை தேடுகிறது.

அதோடு நின்றதா? அணை கட்டி முடிந்தபின் ஒற்றுக் கேள்விப் படலம். இராவணனின் ஒற்றர் சுகனும் சாரணனும் குரங்குருவில் வானரப் படைக்குள் நுழைகிறார்கள். வீரரின் உருவிலேயே வீரருக்குள் கலந்த பகைவர்! படக்கதைக்காரர் எட்டு இதழ் எழுதும் செய்தி இது. இவர்களைக் கண்டு காட்டுபவன் யார்? வீடணன். யாரை ஐயுற்று வாயிலில் நிறுத்தினார்களோ அவனே போலியைப் பிரித்துக் காட்டுகிறான். அவனைத் துரத்தியிருந்தால் அந்தப் படைக்குக் கண் இல்லை. பின்னர் இந்திரசித்து மாயச் சீதையை வெட்டி வீழ்த்த, படையே கலங்கி நின்றபோது, வண்டின் உருவெடுத்து அசோகவனம் சென்று உண்மைச் சீதை உயிரோடிருப்பதைக் கண்டு வந்து சொல்பவனும் அவனே. உருமாறும் ஆற்றல் பகைவனிடத்தில் சூழ்ச்சியாயிற்று, இவனிடத்தில் மருந்தாயிற்று. பிடிபட்ட ஒற்றரை இராமன் என்ன செய்தான்? பசுவாக்கி மேயவிடவில்லை. கண்டதைக் கண்டபடி உன் அரசனிடம் சொல் என்று உயிரோடு அனுப்பினான்.

பத்துமலைக்குச் செல்வோர் 272 படிகளை எண்ணிக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். அடிவாரத்தில், 2010இல் திறந்த தொடர்வண்டி நிலையத்தின் பக்கமாக, நெடிய அனுமன் சிலைக்கு அப்பால் இராமாயணக் குகை இருக்கிறது. உள்ளே கும்பகருணன் படுத்துறங்கும் பெருஞ்சிலையைப் பிள்ளைகள் கண்டு மகிழ்வர். கும்பகருணனின் தம்பியான அந்த மூன்றாமவனைப் பற்றி அவர்களிடம் யாரேனும் நின்று பேசுகிறோமா? மலைமேல் குடிகொண்ட முருகனின் கதையும் உருமாற்றக் கதையே. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் பல உருவெடுத்துப் போரிட்டு, கடைசியில் மாமரமாய் நின்று, வேலால் பிளவுபட்டு மயிலும் சேவலும் ஆனான். 1962இன் இதழில் தோற்ற உருமாறிகளுக்குக் கிடைத்தது மறதியும் புல்வெளியும். சூரனுக்குக் கிடைத்தது ஊர்தியும் கொடியும். தைப்பூசத்தன்று காவடியில் நாம் செருகும் பீலி அப்பகைவனின் நினைவுதான். இவ்வேறுபாட்டைப் பேசாமல் "எம்மிடமும் இருந்தது" என்று மட்டும் சொல்வது, வைரத்தைக் காட்டி அது கல்தான் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மணிமேகலையை மறப்பதற்கில்லை. அங்கே உருமாறுபவள் காப்பியத் தலைவியே. மணிமேகலா தெய்வம் தந்த மந்திரத்தால், உதயகுமாரனின் தொல்லைக்கு அஞ்சிக் காயசண்டிகையின் உருவை அவள் கொள்கிறாள். அவ்வுருவிலேயே அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். அவ்வேளை காயசண்டிகையின் கணவனான காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி அயலான் ஒருவனோடு பேசுவதாகக் கண்டு, அன்றிரவு உதயகுமாரனை வாளால் வீழ்த்துகிறான். பின்னர்தான் கந்திற்பாவை உண்மையைச் சொல்கிறது. உண்மைக் காயசண்டிகையோ விந்தமலையின்மேல் பறந்தபோதே மாண்டுபோனாள். சாத்தனார் இங்கே காட்டுவது என்ன? வேடத்தால் வந்த கேட்டைவிட, கண்ணால் கண்டதே உண்மை என்று துணிந்தவனால் வந்த கேடு பெரிது. வாளேந்தியவனுக்கு ஐயமே இல்லை. ஐயம் இல்லாமையே கொலையாயிற்று. ஸ்க்ரல்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட ஒரு கதையை நம் சாத்தனார் எழுதி வைத்திருக்கிறார் என்று சொன்னால் சிலர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும்.

"எல்லாரையும் நம்பு என்கிறீரா? முத்தநாதன் கதை தெரியாதா?" என ஒருவர் எழுந்து கேட்கலாம். தெரியும். சிவனடியார் வேடத்தில் சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துவந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தியவன் அவன். குத்துண்ட மன்னர், காவலன் தத்தனைத் தடுத்து, கொலைஞனை ஊறின்றி ஊரெல்லை கடத்தச் சொன்னார். அஃது அடியாரின் நெறி. ஓர் அரசாங்கத்தின் நெறியாகவோ பள்ளியின் நெறியாகவோ அதனைக் கொள்ள முடியாது. வள்ளுவரும் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரமே வைத்தார்; புலித்தோல் போர்த்து மேயும் பசுவை அங்கே காட்டினார். போலிகள் உலகில் இல்லை என்று நான் சொல்லவில்லை. போலியை எதனால் அறிவது என்பதே வழக்கு.

மாயா சனகப் படலம் இதற்கு விடை தருகிறது. வான்மீகத்தில் இல்லாத பகுதி இது. மகோதரன் சொற்படி மருத்தன் என்னும் அரக்கன் சனகனின் உருவில் சீதைமுன் கொண்டுவரப்படுகிறான். கட்டுண்ட தந்தையைக் கண்டு சீதை கதறுகிறாள். முகத்தில் அவளுக்கு ஐயம் எழவில்லை. பின் அவன் வாய் திறந்து, இராவணனுக்கு இசைக என்கிறான். அக்கணமே அவள் சீறுகிறாள். இவன் வேடதாரி என்று அவளுக்கு அப்பொழுதும் தெரியாது. திரிசடை சொல்லித்தான் பின்னர் தெரியும். தந்தையே ஆயினும் இச்சொல் ஏற்கத்தக்கதன்று என்று தள்ளிவிடுகிறாள். உருவம் மெய்யா பொய்யா என்று ஆராயாமலே அவள் வென்றுவிட்டாள். நளவெண்பாவில் தமயந்தி நளனைத் தேர்ந்த வகையும் நினைக்கத்தக்கது. நளனுருவில் அமர்ந்த தேவர்க்கு இமை ஆடவில்லை, மாலை வாடவில்லை, கால் நிலம் தோயவில்லை. வாடும் மாலையை அணிந்தவனே மனிதன் என்று அவள் கண்டாள். குறை இருப்பவனே மெய்யானவன்! படக்கதையின் வீரர்கள் குருதிச் சோதனைக்கும் கருவிக்கும் அலைகின்றனர்.

இவற்றையெல்லாம் நான் வலியுறுத்துவதற்கு இலக்கிய நயம் மட்டும் காரணம் அன்று. "நீ உண்மையில் யார்?" என்று கேட்கப்பட்ட சமுதாயம் நம்முடையது. விடுதலைக்குப் பின்னும் சிவப்பு அடையாள அட்டையோடு நெடுங்காலம் வாழ்ந்த முதியோர் நம்மிடையே பலர்; அதனோடே கண்மூடியோரும் உண்டு. மே 1969க்குப் பின் வேலை உரிமச் சீட்டுக் கிடையாமல் கப்பலேறியவர்களின் வெற்று வீடுகளைப் பார்த்த தோட்டங்கள் எத்தனை! அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் பரிமாறும் தமிழ்நாட்டு இளைஞனைப் பார்த்து, ஈழத்திலிருந்து உயிர்தப்பி வந்து கிள்ளானில் ஒண்டியிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, "இவர்கள் நம்மவர் அல்லர்" என்று சொல்வதைக் கேட்கிறேன். 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் நம் நாடு ஒப்பமிடவில்லை. அதனால் அவர்களுக்குச் சட்டம் தரும் பெயர்கூட இல்லை. நமக்குள்ளேயும், எழுத்தாளர் கூட்டத்திலும்தான், "அவன் உண்மைத் தமிழன் அல்லன்" என்னும் முத்திரை எவ்வளவு எளிதாகக் குத்தப்படுகிறது! ஊடுருவும் பகைவன் என்னும் கதையை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை, வாயிலில் நிற்பவனைச் சுக்கிரீவனின் கண்ணால் மட்டுமே பார்ப்பான். அனுமனின் கண்ணும் உண்டு என்பதை எந்த ஆசிரியர் அவனுக்குச் சொல்வது?

வகுப்பறையில் நாம் செய்வது என்ன? வீடணன் அடைக்கலம் என்றால் ஐந்து மதிப்பெண் வினா: "இராமனின் பண்புகளை விளக்குக." கருணை, வீரம், நட்பு என மூன்று சொல் எழுதினால் முடிந்தது. சுக்கிரீவனின் வாதத்தை எழுதச் சொல்லும் வினாவை நான் கண்டதில்லை. எதிர்வாதம் இன்றி இராமனின் விடைக்கு எடையேது? மாணவன் படக்கதையில் காணும் பரபரப்பு, ஐயம், அச்சம் யாவும் அந்தப் பாசறையில் இருக்க, நாம் அவற்றைப் பிழிந்து எறிந்துவிட்டுச் சக்கையைப் பாடமாக்கினோம். பிறகு, "பிள்ளைகள் இலக்கியம் படிப்பதில்லை; பொம்மைப் புத்தகம் படிக்கிறார்கள்" என்று மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அந்தப் படக்கதையை வகுப்புக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மார்-வெல்லாக மாறிப்போன ஸ்க்ரலையும் வீடணனையும் ஒரே மேசையில் வையுங்கள். ஒரு மாணவன் சுக்கிரீவனாக எழுந்து பேசட்டும். நன்றாகவே பேசட்டும், தோற்பதற்கென்று பேச வேண்டாம். இன்னொருத்தி அனுமனாக மறுக்கட்டும். சீதை மாயச் சனகனை மறுத்ததற்கும் காஞ்சனன் வாளெடுத்ததற்கும் இடையே என்ன வேறுபாடு என்று மூன்றாமவர் சொல்லட்டும். இரண்டு பாடவேளை போதும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்க்கு ஒன்று சொல்வேன்: மாரீசனின் பெயரைப் பட்டியலிட்டுக் கைதட்டல் வாங்கும் விழாக்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆண்டுதோறும் நாம் ஒதுக்கும் பாடவேளைகள் இரண்டுக்கும் மேற்பட்டவை.